வாங்குபவன் பணம் கேட்பதுண்டோ?

பழைய தகரப் பெட்டி ஒன்றேனும் பரணில் இல்லாத வீடு நம்மிடையே அரிது. அதனைத் திறந்தால் ஓட்டைக் காலணா இரண்டு கிடக்கும். விக்டோரியா அரசியின் தலை பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்று கிடக்கும். பர்மாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ தாத்தாவுக்கு வந்த கடித உறையும் அதில் அஞ்சல்தலையும் கிடக்கும். நேற்றுவரை பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக இருந்த இவை, இன்று பல குடும்பங்களில் பெரிய பேச்சாகிவிட்டன. காரணம், கைப்பேசியில் வந்து விழும் விளம்பரங்கள். டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய்த் தாள் உங்களிடம் உண்டா? 786 என முடியும் ரூபாய்த் தாள் உண்டா? வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த நாணயம் உண்டா? இருந்தால் நீங்கள் இலட்சாதிபதி என்கின்றன அவை.

வசதியுள்ளவர் இதனைப் படித்துச் சிரித்துவிட்டு நகர்வர். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தேடும் தாயும், மருத்துவமனைக் கடனில் மூழ்கிய தந்தையும் சிரிப்பதில்லை, பெட்டியைத் திறக்கிறார்கள். இந்த மோசடி பேராசைக்காரரைவிடத் தேவையில் இருப்போரையே மிகுதியாகத் தாக்குகிறது. எனவேதான் இது குறித்து நம் குடும்பங்கள் தெளிவு பெறுதல் வேண்டும்.

பழமை வேறு, அருமை வேறு

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் இருத்துவோம். ஒரு பொருள் பழையதாக இருப்பதனால் மட்டும் அது விலை உயர்ந்ததாகிவிடாது. எத்தனை உருவாயின, இன்று எத்தனை எஞ்சியுள்ளன, எந்த நிலையில் உள்ளன, அவற்றை விரும்புவோர் எத்தனை பேர் என்பனவே விலையை முடிவு செய்கின்றன.

உலகின் முதல் அஞ்சல்தலை 1840 மே மாதம் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்த 'பென்னி பிளாக்'. அதற்கு முந்திய அஞ்சல்தலை எதுவும் இல்லை. ஆயினும் அது அரியதன்று. ஏறத்தாழ 6 கோடியே 80 இலட்சம் தலைகள் அச்சிடப்பட்டமையால், நடுத்தர வருவாயுள்ள சேகரிப்பாளரும் முத்திரையிடப்பட்ட ஒன்றை வாங்கிவிட இயலும். இதற்கு மாறாக, நம் நாட்டில் 1948 ஆகஸ்டு 15 அன்று வெளியான காந்தியடிகளின் 10 ரூபாய் அஞ்சல்தலையில், கவர்னர் ஜெனரலின் அலுவலகப் பயனுக்கென 'சர்வீஸ்' என்னும் சொல்லை மேலச்சிட்டவை மிகச் சிலவே. அவற்றுள் நான்கு தலைகள் ஒன்றோடொன்று இணைந்த ஒரு துண்டு 2017 இல் 5 இலட்சம் பவுனுக்கு விற்பனையாயிற்று. முன்னதைவிட நூறாண்டுக்கு மேல் இளையது, அதைவிடப் பன்மடங்கு விலை பெற்றது!

நாணயங்களிலும் இதே நிலைதான். 1862 என ஆண்டு பொறித்த விக்டோரியா வெள்ளி ரூபாயைக் கண்டு பலரும் வியக்கின்றனர். உண்மை யாதெனில், அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலே 1874 வரை நாணயச் சாலைகள் ரூபாயை அடித்துக்கொண்டிருந்தன. ஆகவே அது இன்றும் எங்கும் கிடைப்பது. அதிலுள்ள வெள்ளியின் மதிப்போடு ஓரளவு கூடுதலாகப் பெறலாம், அவ்வளவே. 1911 இல் வெளியான ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாயோ வேறு கதை. மன்னரின் அங்கியில் இருந்த யானை உருவம் பன்றியைப் போலத் தோன்றுகிறதென்று எதிர்ப்பு எழவே, அந்நாணயங்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1912 முதல் உருவம் திருத்தப்பட்டது. அதனால் 1911 ஆம் ஆண்டு ரூபாயைச் சேகரிப்போர் இன்றும் தேடுகின்றனர். ஆக, அருமைக்கு ஒரு வரலாறு இருக்கும். அந்த வரலாற்றை நூல்களிலும் பட்டியல்களிலும் சரிபார்க்க இயலும். முகமறியாத ஒருவர் கைப்பேசியில் சொல்லும் சொல் வரலாறு ஆகாது.

விளம்பரங்கள் மறைக்கும் கணக்கு

இனி விளம்பரங்களில் வரும் 'அரிய' பொருள்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

786 என்னும் எண்: ரூபாய்த் தாளின் வரிசை எண் ஆறு இலக்கங்கள் கொண்டது. பத்து இலட்சம் தாள்கள் கொண்ட தொகுதி ஒன்றில் 786 என முடிபவை சரியாக ஆயிரம் இருக்கும். ரிசர்வ் வங்கி வெளியிடும் தாள்களோ கோடிக்கணக்கானவை. அவ்வெண்ணின்மீது பற்றுள்ள ஒருவர் சிறிது கூடுதல் கொடுத்து வாங்கக்கூடும். இலட்சங்கள் கொடுக்க எவருக்கும் காரணம் இல்லை.

விண்மீன் குறியுள்ள தாள்: அச்சில் பழுதான தாளுக்கு மாற்றாக வைக்கப்படும் தாளில் எண்ணோடு ஒரு விண்மீன் குறி இடுவது ரிசர்வ் வங்கியின் முறை. அது செல்லுபடியாகும் தாளே என்று அவ்வங்கி 2023 இல் விளக்கம் அளித்துள்ளது. கள்ளத் தாளும் அன்று, புதையலும் அன்று.

நாணயத்தில் ஆண்டின் கீழுள்ள குறி: வைரக் குறி மும்பை நாணயச் சாலையையும், விண்மீன் ஐதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் காட்டும், கொல்கத்தாவில் அடிக்கப்பட்டவற்றில் குறி இராது. இவை பிறப்பிடம் காட்டும் அடையாளங்களே.

நினைவு நாணயங்கள்: புனித அல்போன்சாவின் நூற்றாண்டையொட்டி 2009 இலும், அன்னை தெரேசாவின் நூற்றாண்டையொட்டி 2010 இலும் 5 ரூபாய் நாணயங்கள் வெளியாயின. 2012 ஆம் ஆண்டு பொறித்த வைஷ்ணவ தேவி நாணயங்களும் அவ்வாறே. இவை மக்கள் கையில் புழங்கவென்றே மிகுதியாக அடிக்கப்பட்டவை. அன்போடு பேணிவைக்கத் தக்கவை. கடன் தீர்க்கும் கருவூலங்கள் அல்ல.

1818 என ஆண்டிட்ட செப்புக் காசு: ஒருபுறம் இராமர், அனுமன் முதலியோர் உருவமும் மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் கொண்ட காசுகள் சந்தைகளில் ஏராளம். கம்பெனியார் சென்னையில் திருமாலின் உருவம் பொறித்த பொன் வராகன்களை வெளியிட்டது உண்மை. ஆனால் இந்தச் செப்புக் காசுகள் பிற்காலத்தார் செய்து விற்ற போலிகள். இவற்றையும் சில பழஞ்சொம்புகளையும் காட்டி, இடி விழுந்து ஆற்றல் பெற்றவை, அரிசியை இழுப்பவை, இரிடியம் கலந்தவை, அயல்நாட்டு விண்வெளி நிலையத்தார் கோடிகள் கொடுத்து வாங்குவர் என்றெல்லாம் கதை கட்டுவோர் தமிழகத்தில் பலமுறை காவல்துறையிடம் சிக்கியுள்ளனர். அரிசியில் இரும்புத் துகளை ஏற்றிக் காந்தத்தை மறைத்துவைத்தால் எந்தச் சொம்பும் அரிசியை இழுக்குமன்றோ!

விற்க வருவோர்க்கு விரிக்கும் வலை

வலை விரியும் முறையை உணர ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டுத் தலைவி விளம்பரத்தில் கண்ட எண்ணுக்கு நாணயத்தின் படத்தை அனுப்புகிறார். சிறிது நேரத்தில் மரியாதையான குரலில் ஒருவர் அழைக்கிறார். "அம்மா, உங்கள் நாணயத்துக்கு 5 இலட்சம் ரூபாய் முடிவாகிவிட்டது. பதிவுக் கட்டணம் 1,050 ரூபாய் மட்டும் அனுப்புங்கள்" என்கிறார். ரிசர்வ் வங்கியின் சின்னம் பொறித்த சான்றிதழ் ஒன்றும் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. பணம் போகிறது. மறுநாள், உரிமக் கட்டணம் 6,500 ரூபாய். அதற்கடுத்த நாள், சரக்கு-சேவை வரி 15,000 ரூபாய். பிறகு, பணப்பெட்டியோடு வண்டி புறப்பட்டுவிட்டது, வழியில் அதிகாரிகள் நிறுத்திவிட்டனர், காப்புத் தொகை 22,000 ரூபாய் வேண்டும் என்று செய்தி. காதணி அடகுக்குப் போகிறது. மொத்தம் 44,550 ரூபாய் சென்றபின் அந்த எண் அடங்கிவிடுகிறது. நாணயமோ வீட்டிலேயே இருக்கிறது. அவர்கள் அதனைக் கேட்கவே இல்லை!

படிப்பறிவுள்ளோரும் இதில் விழுவது ஏன்? இரண்டு காரணங்கள் உள. முதலில் இட்ட சிறு தொகை போய்விடுமே என்னும் அச்சத்தால் மனிதர் மேலும் மேலும் இடுகின்றனர்; முன் சென்ற பணமே பின்வரும் பணத்தை இழுக்கிறது. இரண்டாவது, "இதனை வெளியில் சொல்லாதீர்கள், வருமான வரிக்காரர் வந்துவிடுவர்" என்று எதிர்முனையில் உள்ளவர் எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கை குடும்பத்தாரிடமிருந்தும் அண்டை அயலாரிடமிருந்தும் ஒருவரைப் பிரித்துத் தனியே நிறுத்துகிறது. கேட்டறிய வாய்ப்பிருந்தால் மோசடி ஒரு நாளும் நிலைத்திராது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. "ஐயா, 5 இலட்சம் தரப்போகிறீர்கள் அல்லவா? உங்கள் கட்டணம் அனைத்தையும் அதிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான வணிகர் இதில் தயங்க இடமில்லை. ஏல நிறுவனங்களும் தமக்குரிய கழிவைப் பொருள் விற்ற தொகையிலிருந்து எடுத்துக்கொள்வதே வழக்கம். மோசடிக்காரரோ விதி என்பார், சட்டம் என்பார், மேலதிகாரி என்பார். கழித்துக்கொள்ள மட்டும் உடன்படார். ஏனெனில் கழிப்பதற்கு அவரிடம் பணமே கிடையாது. உலகில் வாங்குபவன் பணம் கொடுப்பான். விற்பவன் பணம் பெறுவான். வாங்க வந்தவன் பணம் கேட்டால் அவன் வாங்க வந்தவனே அல்லன். இந்த ஒரு வாக்கியத்தை வீட்டிலுள்ள அனைவரும் நெஞ்சில் பதித்துக்கொண்டாலே போதும்.

ரிசர்வ் வங்கியின் பெயரைக் கேட்டு மயங்குவோர்க்கும் ஒரு செய்தி. பழைய தாள், நாணயம் ஆகியவற்றின் விற்பனையில் தனக்கு எத்தொடர்பும் இல்லை, இதற்காகக் கட்டணமோ கழிவோ தான் கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் தனி மனிதருக்கும் உரிமை தந்ததுமில்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டு 4 அன்று பொதுமக்களுக்கு அறிவித்துள்ளது. எனவே அதன் சின்னம் பொறித்த 'சான்றிதழ்' வந்தால் அதுவே மோசடிக்குச் சான்று.

பணம் பெறப் 'பின்' எண் எதற்கு?

மற்றொரு தந்திரம் கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றத்தைச் சார்ந்தது. பொருளை உடனே வாங்கிக்கொள்வதாகக் கூறுபவர் கியூ.ஆர். கோடு ஒன்றை அனுப்புவார். "இதனை ஸ்கேன் செய்து உங்கள் யு.பி.ஐ. பின் எண்ணை அழுத்துங்கள், பணம் வந்துவிடும்" என்பார். இராணுவ அதிகாரி எனச் சொல்லி அடையாள அட்டையின் படத்தை அனுப்புவோரும் உளர். அழுத்தியவுடன் பணம் வராது, போகும். பின் எண் என்பது நம் கணக்கிலிருந்து பணத்தை வெளியே விடும் திறவுகோல். பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை. ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. தனி மனிதர் ஒருவர் மற்றொருவரிடம் யு.பி.ஐ. வழியாகப் பணம் கேட்டு விண்ணப்பம் அனுப்பும் வசதியை இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியுள்ளது. ஒரு வாசல் அடைபட்டது, ஆயினும் கியூ.ஆர். கோடு என்னும் வாசல் திறந்தே உள்ளது.

"தவறுதலாக 2,000 ரூபாய்க்குப் பதில் 20,000 ரூபாய் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சுவோரும் உளர். சான்றாக ஸ்கிரீன்ஷாட் ஒன்றும், வங்கியிலிருந்து வந்தது போன்ற குறுஞ்செய்தியும் இருக்கும். இரண்டும் எளிதில் புனையத்தக்கவை. நம் கணக்கின் இருப்பை நாமே வங்கியின் செயலியில் பார்த்து உறுதி செய்யுமுன் ஒரு பைசாவும் அனுப்பலாகாது, பொருளையும் அனுப்பலாகாது. உதவி செய்வதாகக் கூறி வேறொரு செயலியைக் கைப்பேசியில் ஏற்றச் சொன்னால், நம் திரையை அவர் தம் இடத்திலிருந்தே காண வழி தேடுகிறார் என்று அறிந்து, அழைப்பைத் துண்டித்துவிடுக.

வாங்குவோர்க்கு உரிய எச்சரிக்கை

நம் இளைஞர் பலர் அஞ்சல்தலை, நாணயம் சேகரிப்பதில் ஈடுபாடு கொண்டுள்ளனர். வரலாறும் நிலநூலும் ஒருங்கே கற்பிக்கும் நல்ல பழக்கம் இது. அவர்களுக்கு வேறு வகை ஆபத்து உண்டு: பிறருடைய பொருளின் படத்தை எடுத்துத் தமதெனக் காட்டி முன்பணம் பெற்று மறைந்துவிடுவோர், அசலின் படத்தைக் காட்டிப் போலியை அனுப்புவோர், வெற்றுப் பெட்டியை அனுப்புவோர் எனப் பலவகையினர் உளர்.

கணினி வருமுன்பும் சேகரிப்போர் முகமறியாதவரோடு அஞ்சல் வழியே தம் பொருள்களை மாற்றிக்கொண்டனர். சங்கங்கள் சிறு ஏடுகளில் தலைகளை ஒட்டி, விலை குறித்து, உறுப்பினரிடையே சுற்றுக்கு அனுப்பின. அங்கே காப்பாக நின்றது சங்கத்தில் ஒருவருக்கு இருந்த நற்பெயரே. ஒருமுறை தவறியவருக்கு மறுமுறை ஏடு வராது. இன்று பெயரை ஒரு நொடியில் மாற்றிக்கொள்ள இயலுவதால், அந்தக் காப்பை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. அதற்குரிய வழிகள் இவை:

1. சிறியதில் தொடங்குக. முதல் பரிமாற்றம் இழந்தாலும் வருந்தாத தொகைக்கே இருக்கட்டும். சில முறை நேர்மையாக நடந்தபின் ஒருவர் திடீரெனப் பெருந்தொகை கேட்பின், மீண்டும் முதலிலிருந்தே சோதிக்க. சிறு தொகையில் நம்பிக்கையை வளர்த்துப் பெருந்தொகையில் மறைவதும் அவர்கள் முறையே.

2. புதிய படம் கேட்க. அன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் எழுதிய தாளின்மீது பொருளை வைத்து எடுத்த படம் வேண்டுமென்று கேளுங்கள். பொருள் கையில் உள்ளவருக்கு இது இரண்டு நிமிட வேலை. இல்லாதவருக்கு இயலாத வேலை.

3. கேட்கும் விலையை நம்பாது, விற்ற விலையைப் பார்க்க. இணையத்தில் ஒருவர் தம் நாணயத்துக்கு 10 இலட்சம் என எழுதிவைப்பதால் அது அவ்விலை பெறாது. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவு விலைகளே உண்மையான அளவுகோல்.

4. நிறுத்துப் பார்க்க. ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடையுள்ளது; 1939 வரை அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. நகைக்கடைத் தராசில் எடை மிகவும் மாறுபட்டாலோ, காந்தத்தில் ஒட்டினாலோ அது போலி. புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கிய நாணயத்துக்குச் சேகரிப்பாளரிடையே மதிப்புக் குறையும் என்பதும் நினைவிருக்கட்டும்.

5. நேரில் காண்பது நன்று. பொது இடத்தில், பகல் வேளையில், துணையோடு சந்திக்க. தொலைவில் இருப்பவரானால், விற்பனைத் தளத்தின் உள்ளேயே பணம் செலுத்துக. "தளத்துக்கு வெளியே அனுப்பினால் விலை குறைத்துத் தருகிறேன்" என்பவர், தளம் தரும் பாதுகாப்பிலிருந்து உங்களை வெளியே அழைக்கிறார்.

6. பொதியைக் கட்டும்போதும் பிரிக்கும்போதும் இடையறாத வீடியோ எடுக்க. பொருளின் இருபுறமும் எடையும் அதில் தெரியட்டும். அசலைப் பெற்றுக்கொண்டு, போலி வந்ததென்று வேறொன்றைத் திருப்பி அனுப்புவோரிடமிருந்து விற்பவரையும் இது காக்கும்.

7. அவசரத்துக்கு இடம் தராதீர். "இன்னும் பத்து நிமிடத்தில் முடிவு சொல்லுங்கள், வேறொருவர் காத்திருக்கிறார்" என்பது சிந்திக்கும் நேரத்தைத் திருடும் சூழ்ச்சி. ஓர் இரவு பொறுத்தால் கெட்டுப்போகும் நல்ல வணிகம் எதுவுமில்லை.

நேரிய வழிகளும் உண்டு. புதிய அஞ்சல்தலைகளை அஞ்சல் துறையின் தலை சேகரிப்பு நிலையங்களில் அச்சிட்ட விலைக்கே பெறலாம். சென்னையில் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் அத்தகைய நிலையம் உள்ளது. நினைவு நாணயத் தொகுதிகளை அரசு நாணயச் சாலைகளே நேரடியாக விற்கின்றன. சென்னை நாணயக் கழகம், தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்போர் சங்கம் போன்ற அமைப்புகளில் பல ஆண்டு அனுபவமுள்ளோரைக் காணலாம். வீட்டிலுள்ள பொருளை அத்தகையோரிடம் காட்டினால் உண்மை நிலை தெரிந்துவிடும். பெரும்பாலும் "வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டலாம்" என்பதே விடையாக இருக்கும். அது ஏமாற்றமளிக்கும் விடைதான். ஆயினும் 44,550 ரூபாயை மிச்சப்படுத்தும் விடை.

சட்டம் வகுத்த எல்லைகள்

அறியாமல் சட்டத்தை மீறிவிடும் இடங்கள் சில உள்ளன. 2016 நவம்பர் 8 அன்று செல்லாதென அறிவிக்கப்பட்ட 500, 1,000 ரூபாய்த் தாள்களைப் பெருவிலைக்கு வாங்குவதாகச் சொல்வோர் உளர். 2017 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் அத்தாள்களில் மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருத்தல் குற்றம். ஆய்வுக்கோ நாணயச் சேகரிப்புக்கோ ஆனால் இருபத்தைந்து வரை வைத்திருக்கலாம்.

நூறாண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள நாணயம், சிற்பம், கலைப்பொருள் ஆகியன 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அவற்றை விற்கும் வணிகத்துக்கு உரிமம் வேண்டும். தனியார் எவரும் அயல்நாட்டுக்கு அனுப்ப இயலாது. ஆகவே "டாலரில் பணம் தருகிறேன், அந்தப் பழங்காசைக் கூரியரில் அனுப்புங்கள்" என்னும் அயல்நாட்டு நண்பர் பணத்தை மட்டுமன்றி நம் நற்பெயரையும் இழக்கச் செய்வார். நிலத்தைத் தோண்டும்போது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைப்பின், 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் கடமை.

நம் குடும்பங்களுக்கென்றே ஒரு சொல். புனிதர்களின் திருப்பண்டம் எனச் சான்றிதழோடு இணையத்தில் விலை கூறப்படும் பொருள்கள் உள்ளன. திருப்பண்டங்களை விற்றலைத் திருச்சபைச் சட்டத்தின் 1190 ஆம் விதி முற்றிலும் விலக்குகிறது. விலைக்கு வருகிறது என்பதே அதனை ஐயுறப் போதுமான காரணம்.

விற்பவர் நாமாக இருக்கும்போதும் நேர்மை வேண்டும். கீறல் இருந்தால் கீறல் உண்டென்று சொல்லுவோம். உண்மை தெரியாவிடில் தெரியாதென்று சொல்லுவோம். "அரியது" என்னும் சொல்லை அறியாமலே எழுதிவைப்பதும் மற்றொரு குடும்பத்தை ஏமாற்றுவதேயாம்.

பணம் போய்விட்டால்

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் ஒருவர் ஏமாந்துவிடின் முதலில் செய்ய வேண்டியது, தாமதியாமல் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைப்பதாகும். மைய உள்துறை அமைச்சகத்தின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். நம் பணம் கொள்ளையர் கணக்கில் இருக்கும்போதே தகவல் சென்றால் வங்கிகள் அதனை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு; அவர் அதனை வேறு கணக்குகளுக்குப் பிரித்துவிட்டால் மீட்பது அரிதாகும். எனவே புகாரில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பணம் சென்ற நேரம், தொகை, பரிமாற்ற எண், எதிரியின் கைப்பேசி எண், உரையாடல்கள் ஆகிய அனைத்தையும் அழிக்காது வைத்திருங்கள். வங்கிக்கும் உடனே தெரிவித்து, எழுத்து வடிவில் ஒப்புகை பெறுங்கள்.

ஏமாந்தவர் பட்டியலை விலைக்கு வாங்கி, "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும்" என அழைப்போரும் உளர். காவல்துறையோ வங்கியோ பணத்தை மீட்டுத்தரக் கட்டணம் கேட்பதில்லை. முன்னர்ச் சொன்ன விதி இங்கும் பொருந்தும்: நமக்குப் பணம் தர வருபவர் நம்மிடம் பணம் கேட்பதில்லை.

குடும்பத்தின் பொறுப்பு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள் நம் பெரியோர். ஒரு காலணா நாணயத்துக்காக வீட்டுக் காதணியை இழப்பது அதனினும் கொடிது. ஆயினும், இழந்தவரைப் பார்த்து "உனக்கு ஏன் இந்தப் பேராசை?" என்று கேட்பது தீர்வாகாது. அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே பலர் முதல் ஆயிரத்தை இழந்ததை மறைத்து, அடுத்த பத்தாயிரத்தையும் இழக்கின்றனர். மோசடிக்காரர் இரகசியத்தைக் கேட்கிறார். வீட்டாரின் ஏச்சு அந்த இரகசியத்தை அவருக்குக் கொடுத்துவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்திலும் ஓர் உடன்பாடு இருக்கட்டும். முகமறியாத எவரோடும் பணம் தொடர்பான பேச்சு வந்தால், தொகை நூறு ரூபாயாயினும், அதனை வீட்டில் வேறொருவரிடம் சொல்லாமல் முடிப்பதில்லை, சொல்பவரைக் கடிந்துகொள்வதுமில்லை. முதியோர் கைப்பேசியோடு தனித்து விடப்படும் வீடுகளில் பேரப்பிள்ளைகள் அவர்கள் அருகில் அமர்ந்து, எந்த அழைப்பு எத்தகையது என்று பொறுமையோடு விளக்கட்டும். இவ்வாரமே ஒரு மாலை, உணவு முடிந்தபின், பின் எண் எதற்கு, கியூ.ஆர். கோடு எதற்கு, 1930 எதற்கு என்னும் மூன்றையும் பெரியவர்க்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேளுங்கள். அரைமணி நேரம் போதும்.